ஆபரணமா, சுமையா?

ஓய்வுநாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜெபாலயத்துக்குப் புறப்படும் மரபு வழுவாத யூதர் ஒருவருக்கு, ஏனையோர் மனத்தில் எழவே எழாத ஒரு சங்கடம் வாசற்படியிலேயே காத்திருக்கிறது: பூட்டிய சாவியை என்ன செய்வது? சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாகாது. கையில் பிடித்துச் செல்லவும் கூடாது. வெள்ளிக்கிழமை அந்தி தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரையில் விலக்கப்பட்டிருக்கும் 39 வகைத் தொழில்களுள், வீட்டிலிருந்து வீதிக்கு ஒரு பொருளை எடுத்துச் செல்வதும், வீதியில் அதை நான்கு முழ தூரம் சுமப்பதும் அடக்கம். ஊரைச் சுற்றிக் கம்பம் நாட்டிக் கம்பி இழுத்து, ஊர் முழுவதையும் ஒரே முற்றமாகப் பாவித்துக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு என்றாலும், அது இல்லாத இடத்தில் அவர் நாடுவது ஒரு பெல்ட்டை. நெகிழும் பட்டையாலான அந்த பெல்ட்டின் இரு நுனியிலும் கொக்கிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சாவியை மாட்டிவிட்டால், சாவியே பெல்ட்டை இணைக்கும் கண்ணியாகிவிடுகிறது. சாவியை எடுத்தால் பெல்ட் கழன்று விழும். ஆகவே அது அவர் தூக்கிச் செல்லும் பொருள் என்ற ஸ்தானத்தை இழந்து, உடுத்திருக்கும் உடையின் ஓர் அங்கமாகிவிட்டது. பெண்கள் சிலர் சாவியின் தலையை வெள்ளியிலோ தங்கத்திலோ செய்வித்து, மேலாடையில் குத்திக்கொள்ளும் ப்ரோச்சாக அதை அணிந்து செல்வதும் உண்டு.

இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவும் சாதுரியம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வழக்காட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்த பெல்ட்டைச் சற்றே நிதானமாகப் பார்க்கிறவனுக்கு, மனிதன் எங்கே முடிகிறான், அவன் சுமக்கும் பொருள் எங்கே தொடங்குகிறது என்ற, தத்துவ சாஸ்திரத்துக்கே உரிய கேள்வி ஒன்று அதன் இரு கொக்கிகளுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருப்பது தெரியும். மின்னணுக் கருவிகளை உடையாகவும் நகையாகவும் மனித சரீரத்தின்மேல் ஏற்றிவிட வேண்டும் என்று, ஆடை அலங்காரத் தொழிலும் கணினித் தொழிலும் கைகோத்துக்கொண்டு இத்தனை காலமாகச் செய்துவரும் முயற்சியில் கேட்கப்படாமலே விடப்பட்ட கேள்வியும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த முயற்சியின் சரித்திரத்தை விரித்துரைக்க இங்கே அவசியம் இல்லை. சில கட்டங்களைக் குறிப்பிட்டால் போதும். 1961-இல் கணித நிபுணர் எட்வர்ட் தார்ப்பும், தகவல் கோட்பாட்டின் பிதா என்று போற்றப்படும் கிளாட் ஷானனும், ரூலட் சூதாட்டத்தில் குண்டு எந்தப் பக்கம் விழும் என்று கணிக்கும் கணினியொன்றைச் சிகரெட் பெட்டி அளவில் செய்து, ஜோட்டுக்குள் ஒளித்துவைத்த விசையைக் கால் பெருவிரலால் அழுத்தி, விடையைக் காதுக்குள் ஒலிக்கும் ஸ்வரமாகக் கேட்டு, லாஸ் வேகாஸில் பரீட்சை செய்து பார்த்தார்கள். பிறர் கண்ணில் படாதிருப்பதே அந்தக் கருவியின் தர்மம். பதினோரு வருஷங்களுக்குப் பின், 1972-இல், பொத்தானை அழுத்தினால் மட்டும் சிவந்த எண்களில் மணி காட்டும் பல்சர் கடிகாரம், 18 காரட் தங்கத்தில், 2,100 டாலர் விலையில் வெளிவந்தபோது, பிறர் கண்ணில் படுவதே கருவியின் தர்மமாகிவிட்டது. 2000-இல் லீவைஸும் பிலிப்ஸும் சேர்ந்து கைபேசியையும் பாட்டுக் கருவியையும் சட்டைக்குள் பொருத்தி விற்றன. 2012 செப்டம்பரில், நியூயார்க்கில் டயான் ஃபான் ஃபர்ஸ்டன்பெர்கின் ஆடைக் காட்சியில் நடந்த அழகிகள், காமிரா பொருந்திய கூகுள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார்கள். 2014-இல் ஆடை நிறுவனமான பர்பெரியின் தலைமைப் பதவியை விட்டு ஏஞ்சலா ஆரண்ட்ஸ் ஆப்பிளில் சேர்ந்தார். அதே வருஷம் அந்தக் கம்பெனி தன் கடிகாரத்தைப் பாரிஸில் நவநாகரிகப் பொருள்களுக்குப் பேர்போன கோலெட் கடையில் காட்சிக்கு வைத்தது. கணினிக்காரர்களுக்கு அழகு வேண்டியிருந்தது. அலங்காரக்காரர்களுக்குப் புதுமை வேண்டியிருந்தது. இரு தரப்பாரும் ஜாதகப் பொருத்தம் பாராமலே நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டார்கள்.

பொருத்தம் பார்க்கும் சாஸ்திரம் வேறொரு நாட்டில், வேறொரு நோக்கத்துக்காக, முன்னமே எழுதிவைக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய கி.பி. 200-இல் ரபி யெகூதா ஹநாசியினால் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத சட்ட நூலில், ஓய்வுநாளைப் பற்றிய பகுதியின் ஆறாம் அத்தியாயம், ஒரு பெண் எவற்றை அணிந்துகொண்டு வெளியே போகலாம், எவற்றை அணிந்து போகலாகாது என்ற வினாவோடு தொடங்குகிறது. அதைப் படிக்கும்போது அக்காலத்துப் பாலஸ்தீனத்தின் அலங்காரப் பெட்டியைத் திறந்து பார்ப்பது போன்ற உணர்ச்சி உண்டாகிறது: கூந்தலில் பின்னும் கம்பளி நூல், ரோம நூல், நெற்றிப் பட்டம், நகரத்தின் உருவம் அமைந்த பொன்னணி, மூக்குவளையம், ஊசி, மோதிரம். இவற்றுள் சிலவற்றை விலக்கியதற்கு வியாக்கியானக்காரர்கள் கூறும் காரணம், அந்த முனிவர்கள் வீதியில் நடப்பவற்றை எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பதைக் காட்டுகிறது. நகையை அணிந்திருப்பது குற்றம் இல்லை. வழியில் எதிர்ப்படும் தோழி புகழ்ந்து பேச, இவள் அதைக் கழற்றிக் காட்ட, பேச்சு சுவாரஸ்யத்தில் கையில் வைத்துக்கொண்டே நான்கு முழம் நடந்துவிட்டால், கழுத்தில் ஆபரணமாய் இருந்த அதே பொருள் கையில் சுமையாகிவிடுகிறது. பொன் மாறவில்லை, எடை மாறவில்லை. சரீரத்தோடு அதற்கிருந்த சம்பந்தம் மாத்திரம் மாறிற்று.

முத்திரை மோதிரத்தைப் பற்றிய விதி இதினும் நுட்பமானது. முத்திரை பொறித்த மோதிரத்தை ஒரு பெண் அணிந்து வெளியே சென்றால் குற்றம். ஆணுக்கு அது குற்றம் ஆகாது. அந்தக் காலத்தில் கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் முத்திரையிடும் அதிகாரம் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்ததனால், அவன் விரலில் அது அவனுடைய அந்தஸ்தின் அடையாளம். அவள் விரலிலோ கணவனுடைய கருவியை அவள் எடுத்துச் செல்வதாகவே ஆகும். அந்தச் சமுதாய ஏற்பாட்டின் நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பொருள் ஆபரணமா சுமையா என்பதைப் பொருளை மட்டும் பார்த்து நிர்ணயிக்க முடியாது, அணிகிறவர் யார், அது யாருடைய காரியத்தைச் செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவி என்னுடைய நாடித்துடிப்பை எண்ணி, என்னுடைய காப்பீட்டுக் கம்பெனிக்கோ எஜமானருக்கோ அனுப்புமானால், அந்த முத்திரை யாருடையது, நான் யாருடைய கருவியைச் சுமந்து திரிகிறேன் என்று அந்த ரபிகள் கேட்டிருப்பார்கள்.

வாளைப் பற்றிய விவாதமே அந்த அத்தியாயத்தின் சிகரம். வாள், வில், கேடயம், ஈட்டி முதலியவற்றோடு ஒருவன் ஓய்வுநாளில் வெளியே போகலாகாது. போனால் பிராயச்சித்த பலி செலுத்த வேண்டும் என்பது பொது விதி. ரபி எலியேசர் மறுத்துரைக்கிறார்: அவை அவனுக்கு ஆபரணங்கள். மற்றச் சான்றோர் விடவில்லை. அவை அவனுக்கு இழிவே என்று கூறி, வாட்கள் கலப்பைக் கொழுவாக மாறும் காலத்தைப் பற்றிய ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கைச் சான்று காட்டுகிறார்கள். முடிவில் ஒழிக்கப்பட வேண்டிய பொருள் எதுவோ, அது இப்போதும் அலங்காரமாக மாட்டாது என்பது அவர்கள் கட்சி. எலியேசரின் பக்கத்தில் நின்று, மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தல்மூத் தரும் சமாதானமும் லேசானதன்று. அக்காலத்தில் வாள் ஒழிவது, அது இழிவாக இருப்பதனால் அல்லவாம்; தேவை இல்லாமற்போவதனால்தானாம், நண்பகலில் விளக்குக்கு வேலை இல்லாததைப்போல. இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், பயனே அழகின் ஒரு கூறு என்றும், வீரன் இடையில் தொங்கும் வாள் அவனுக்கு அழகு செய்வது அதை உருவத் தெரிந்தவன் அவன் என்பதனாலேயே என்றும் ஒப்புக்கொண்டதாகும். இன்றைய கருவி வியாபாரிகள் அனைவரும், தங்களுக்குத் தெரியாமலே, ரபி எலியேசரின் சிஷ்யர்கள்.

நெடுங்காலத்துக்குப் பிறகு அதே வழக்கு வேறு ரூபத்தில் வந்தது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக்கொண்டவர்கள் பெண்களே. அது வளையலோடு சேர்ந்த நகை. ஆண்பிள்ளைக்கு அழகு சட்டைப் பையில் சங்கிலியோடு கிடக்கும் கடிகாரம் என்று கருதப்பட்டது. முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழியிலிருந்த சிப்பாய்க்கு, பையைத் துழாவி மணி பார்க்க ஒரு கை ஓய்வாக இல்லாமற்போகவே, நகை கருவியாயிற்று. யுத்தத்துக்குப் பின் கருவி மறுபடியும் நகையாயிற்று. அப்படியானால் ஓய்வுநாளில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வீதியில் போகலாமா என்ற கேள்வி எழுந்தபோது, கட்டியிருப்பதே அணிந்திருப்பதாகும் என்று தாராளமாக அனுமதித்த ரபிகள் இருந்தார்கள். கண்டிப்பானவர்களோ ஒரு சோதனை வைத்தார்கள். கடிகாரம் நின்றுபோய்விட்டால், அதைக் கழற்றி மேஜைக்குள் போட்டுவிடுவாயா, அல்லது நின்ற கடிகாரத்தையே கட்டிக்கொண்டு வெளியே போவாயா? நின்றாலும் கட்டுவேன் என்றால் அது ஆபரணம். கழற்றிவிடுவேன் என்றால் அது நீ இதுவரை சுமந்துகொண்டிருந்த யந்திரம்.

இத்தனை சிக்கனமாக ஒரு தத்துவக் கேள்வியைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதிகம் இல்லை. அந்தச் சோதனையை எடுத்துக்கொண்டு நம் காலத்துப் பெருமைகளை அணுகிப் பார்க்கலாம். 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் ஆப்பிள் கடிகாரங்களுள், 18 காரட் தங்கக் கூட்டில் அமைந்த ஒரு வகை 10,000 டாலரிலிருந்து 17,000 டாலர் வரை விலை பெற்றது. அடுத்த வருஷமே தங்க வகை நிறுத்தப்பட்டது. 2018-இல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறைக் கடிகாரங்களை ஏற்கவில்லை. தங்கத்துக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை, பொன் பொன்னாகவே இருக்கிறது. ஆனால் இருண்ட கண்ணாடிச் சதுரம் ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக யாருக்கும் மனம் வராது. நம் வீடுகளில் பாட்டியின் அட்டிகை பேத்தியின் கழுத்துக்கு வருகிறது என்றால், அட்டிகை என்றைக்கும் எந்த வேலையும் செய்யாததனால்தான் அது ஒருநாளும் பழுதாவதில்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் பொன்னுக்குக் கொடுத்தவுடனே, அந்த வேலையின் மரணத்தையும் அதற்குக் கொடுத்தாயிற்று. சென்ற நூற்றாண்டின் வியாபாரக் கூத்துகளில், மூன்று வருஷ ஆயுளுள்ள யந்திரத்துக்குத் தங்க உடல் வார்த்த இந்தக் கூத்துக்கு ஈடு கண்டதில்லை. இந்த நூற்றாண்டிலும் காண்பது அரிது.

அதைவிடத் துலக்கமான உதாரணம் ஒன்று உண்டு. ஹியூமேன் என்ற கம்பெனி, செயற்கை அறிவோடு பேசும் சட்டைப் பின் ஒன்றை, 2023 இலையுதிர்காலத்தில் பாரிஸில் கோபெர்னி ஆடைக் காட்சியில் நவோமி காம்பெல் முதலான பிரசித்தி பெற்ற அழகிகளின் மார்பில் அணிவித்து உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. மறு வருஷம் 699 டாலருக்கு அது கடைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் சொத்துக்களை எச்.பி. வாங்கிக்கொள்ள, அந்த மாதம் 28-ஆம் தேதியோடு சர்வர்கள் நிறுத்தப்பட்டன. வாங்கியவர்கள் மார்பிலிருந்த பின்கள் ஒரே வேளையில் வாயடைத்துப்போயின. சட்டையில் குத்தியிருந்த பொருளின் உயிர் எங்கோ தொலைதூரத்தில், வேறொருவர் வீட்டில் இருந்தது என்பது அன்றுதான் பலருக்கு விளங்கிற்று. லீவைஸோடு சேர்ந்து கூகுள் 2017-இல் வெளியிட்ட ஜக்கார்ட் ஜாக்கெட்டும் அதே வழியில் சென்றது. 350 டாலர் பெறுமான அந்த நீல டெனிம் சட்டையின் இடது மணிக்கட்டுப் பட்டியில், மின் கடத்தும் இழைகளை நூலோடு நூலாக நெய்திருந்தார்கள். பட்டியைத் தடவினால் பாட்டு மாறும், தட்டினால் வழி சொல்லும். 2023-இல் அதற்கான செயலியை கூகுள் நிறுத்திவிட்டது. ஆயினும் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பின் செத்தது, ஜாக்கெட் சாகவில்லை. மின்னிழை மௌனமான பிறகும் அது குளிருக்கு அடக்கமான சட்டையாகவே இருக்கிறது. யாரும் அதை மேஜைக்குள் போட்டிருக்க மாட்டார்கள். ரபிகளின் சோதனையில் தேறிய கருவி ஒன்று இருக்குமானால், அது தோற்றுப்போன இந்த ஜாக்கெட்தான்.

இதுவரை சொன்னதனால், உடம்பில் ஏறும் கருவிகள் எல்லாமே வேஷம் போட்ட சுமைகள் என்று நான் தீர்ப்பளித்துவிட்டதாகக் கொள்ளலாகாது. அந்தப் பழைய அத்தியாயத்திலேயே வழக்கை வேறு திசையில் திருப்பும் இரண்டு விதிகள் இருக்கின்றன.

ஒன்று, தாயத்தைப் பற்றியது. தேர்ந்தவன் கட்டிய தாயத்தோடு ஓய்வுநாளில் வெளியே போகலாம். தேறாதவனுடைய தாயத்தோடு போகலாகாது. தேர்ந்தது எப்படித் தெரியும் என்றால், மூன்று முறை நோயைக் குணப்படுத்தியிருக்க வேண்டும் என்று தல்மூத் அளவுகோல் வகுக்கிறது. தாயத்தின் சக்தியை நாம் நம்பினாலும் நம்பாவிட்டாலும், உடம்பில் கட்டும் பொருள் காப்பாற்றும் என்று சொல்பவன் அதை நிரூபித்துக் காட்டக் கடமைப்பட்டவன் என்ற விதி, அறிவுக்கு ஒத்த விதி. 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கைக்கடிகாரம் ஒன்று இருதயத்தின் மின்வரைவை எடுத்துக் காட்ட அனுமதி வழங்கிற்று. தேர்ந்த தாயத்துக்கும் தேறாத தாயத்துக்கும் நடுவே பழைய நியாயாதிபதிகள் போட்ட கோட்டைத்தான் புதிய நிர்வாகமும் வேறு மையால் போடுகிறது. கடையில் கிடைக்கும் மற்ற எத்தனையோ வளையங்களும் பட்டைகளும் மனஅமைதியையும் சமநிலையையும் வாக்களிக்கின்றனவே, அவை எந்தப் பட்டியலில் சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்றொன்று, ஒரே வரியில் முடியும் விதி. எனக்கு அந்த அத்தியாயத்திலேயே மிகவும் பிடித்தது. காலிழந்தவன் தன் மரக்காலோடு வெளியே போகலாம் என்கிறார் ரபி மேயிர். ரபி யோசே தடுக்கிறார். இதே கேள்வி பொய்ப்பல்லைப் பற்றியும் எழுகிறது. ரபி யெகூதா ஹநாசி அனுமதிக்க, மற்றவர்கள் தடை கூறுகிறார்கள். மரக்கால் ஆபரணமா? அழகுக்காக யாரும் அதைக் கட்டிக்கொள்வதில்லை. சுமையா? தன்னையே சுமந்து செல்லும் ஒன்றை மனிதன் சுமக்கிறான் என்று எப்படிச் சொல்வது? ஆபரணம், சுமை என்ற இரண்டு கூடைகளிலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று, அங்கம் என்ற இனம், இங்கே தலையெடுக்கிறது. இக்காலத்து ரபிகளில் பெரும்பாலோர், மின்சார யந்திரங்களை ஓய்வுநாளில் இயக்கலாகாது என்பதில் உறுதியாய் இருந்தும், முன்னதாகவே இயக்கிவைத்த செவிக்கருவியை அணிந்து வீதியில் செல்வதை ஆட்சேபிக்காமல் விட்டதற்கும், அந்த மரக்காலுக்கும் உறவு உண்டு. செவிடனுக்குச் செவி சுமையாகாது.

இந்த மூன்றாவது இனத்தைத்தான் நவநாகரிக உலகம் எதிர்பாராத வேளையில், தான் செய்வது இன்னதென்று முழுதும் அறியாமலே, இரண்டு முறை மேடையேற்றிற்று. 1998 செப்டம்பரில், லண்டனில் அலெக்சாண்டர் மக்வீன் நடத்திய 1999-ஆம் வருஷத்து வசந்தகால ஆடைக் காட்சியில், குழந்தைப் பருவத்திலேயே முழங்காலுக்குக் கீழ் இரு கால்களும் எடுக்கப்பட்ட ஓட்ட வீராங்கனை ஏமி முல்லின்ஸ், ஆஷ் மரத்தில் திராட்சைக் கொடியும் பூவுமாகச் செதுக்கிய இரண்டு மரக்கால்களோடு நடந்து வந்தார். கூடியிருந்தவர்களில் பலர் அவற்றை உயர்ந்த ரகத்துப் பூட்ஸ் என்றே நினைத்துக்கொண்டார்களாம். ரபி மேயிரும் ரபி யோசேயும் அந்த மண்டபத்தில் இருந்திருந்தால், தங்கள் வழக்கு இப்படி ஒரு திருப்பம் அடையும் என்று இருவருமே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அங்கம் முதலில் அங்கமாக இருந்தது, ஆபரணமானது பிறகு. அந்த வரிசைதான் முக்கியம். இரண்டாவது காட்சியில் சிற்ப வேலையும் இல்லை. 2021 செப்டம்பரில் மிலானில் ஃபெண்டியும் வெர்சாசியும் சேர்ந்து நடத்திய காட்சியில், லைலா மாஸ் என்ற இளம் அழகி நடந்து வந்தபோது, அவர் தொடையில் இன்சுலின் செலுத்தும் சிறு வெண்ணிறப் பெட்டி ஒட்டப்பட்டிருந்தது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. நீரிழிவோடு வாழ்கிறவருக்கு அது அங்கம். அதை மறைக்க ஒரு முழத் துணி கூடவா கிடைத்திருக்காது? மறைக்கவில்லை, அவ்வளவுதான். மின்னணுவியலும் அலங்காரக் கலையும் சேர்ந்ததாகச் சொல்லப்படும் காட்சிகளில், பல்லாயிரம் விளக்குகள் மின்னும் கவுன்களைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்த வெண்ணிறப் பெட்டிக்கு முன்னால் அவை வாணவேடிக்கை.

ஆயினும் ஓய்வுநாளின் நோக்கத்திலிருந்து பார்த்தால், அங்கமாகிவிட்ட கருவியைவிட, அங்கம்போல் நடிக்கும் கருவியைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. பின்லாந்தில் தோன்றிய அவுரா மோதிரம் போன்றவை, உறங்கும்போதும் விரலில் இருந்து, எவ்வளவு நன்றாக உறங்கினோம் என்று காலையில் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுகின்றன. உறக்கத்துக்கு உதவும் அணி என்பது புதுமையன்று. அந்தப் பழைய அத்தியாயத்திலேயே நரியின் பல்லை அணிந்து வெளியே போகலாமா என்ற விவாதம் வருகிறது. மிதமிஞ்சி உறங்குகிறவனுக்கு உயிருள்ள நரியின் பல், உறக்கம் வராதவனுக்குச் செத்த நரியின் பல் என்று தல்மூத் விளக்கமும் தருகிறது. நரிப்பல் உறக்கத்தைத் தந்ததோ இல்லையோ, உறங்கினவனைப் பரீட்சை எழுதச் சொல்லவில்லை. ஓய்வு என்பது, செய்தது போதும், எண்ணியது போதும், இருப்பதே போதும் என்று மனிதன் தன்னைத் தானே விட்டுவிடும் நிலை. அதற்கு மதிப்பெண் இட்டவுடனே அது முயற்சியாகிவிடுகிறது. முயற்சியாகிவிட்டால் அது ஏழாம் நாளின் பொருள் அன்று, முதல் ஆறு நாட்களுக்கு உரிய சரக்கு.

பிரார்த்தனைக்கும் இந்த நிலை வந்திருக்கிறது. 2019 அக்டோபரில், போப்பாண்டவரின் உலகளாவிய பிரார்த்தனை அமைப்பு, கறுப்பு அகேட்டும் ஹெமடைட்டும் கோத்த பத்து மணிகளும் ஒரு சிலுவையும் அமைந்த மின்னணு ஜெபமாலையைக் கைவளையமாக வெளியிட்டது; விலை 99 யூரோ. அணிந்தவர் சிலுவை அடையாளம் வரைந்தால் அது விழித்துக்கொள்ளும். கைபேசியோடு சேர்ந்து ஜெபத்தின் போக்கைப் பின்தொடரும். இதை நான் பரிகசிக்க மாட்டேன். மணிகளை எண்ணி ஜபிப்பது பல மதத்தாருக்கும் பொதுவான பழக்கம். ருத்திராக்ஷ மாலையும் தஸ்பீஹ் மணியும் எண்ணுவதற்கு ஏற்பட்டவைதாமே என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் விரல் மணியைத் தள்ளுவது, எண்ணிக்கையை மனத்திலிருந்து இறக்கி விரலிடம் ஒப்படைத்துவிட்டு மனத்தை விடுவிப்பதற்காக; 108 முடிந்ததும் அந்த எண் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை, மேரு மணியைத் தொட்டுத் திரும்புகிறதோடு சரி. எழுதிவைக்கும் மாலை எண்ணிக்கையைப் பாதுகாக்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட இடம் தருகிறது. பக்தனுக்கு அது தூண்டுகோலாகலாம். கணக்குப் பிள்ளையாகவும் ஆகலாம். எது ஆகும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை என்றாலும், கணக்கு வைப்பதற்கென்றே பிறந்த ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு கணக்கை மறக்க முயல்வது சிரமமான யோகம்.

சுமையைப் பற்றி அந்த ரபிகள் சொல்லாத ஒன்றை, அவர்கள் தர்க்கத்திலிருந்தே நான் வருவித்துக்கொள்கிறேன். சுமை என்பது எடையைப் பொறுத்தது அன்று. வேறோர் இடத்துக்கு, வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள் சுமை. ஆபரணம் எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. அணிந்தவரோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது. கூகுள் கண்ணாடியை அணிந்தவர்களைக் கண்டு எதிரிலிருந்தவர்கள் கோபம் கொண்டதற்கு, அது அழகற்றிருந்தது காரணமன்று. அணிந்தவரின் முகத்தில் இருந்துகொண்டே அது வேறெங்கோ இருப்பவருக்காகப் பார்க்கிறது என்ற ஐயம் காரணம். 2015 ஜனவரியில் பொது விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2021-இல் அதே எண்ணம் ரே-பான் கண்ணாடியின் பழகிய சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு மறுபடியும் வந்து, இப்போது நன்றாகவே விற்கிறது. பார்வை போய்ச் சேரும் இடம் மாறியதாக யாரும் சொல்லவில்லை, சட்டம் அழகாகிவிட்டது. இப்படிப் பார்த்தால், அலங்காரத் தொழில் கணினித் தொழிலுக்குச் செய்துதரும் பெரும் உபகாரம், சுமையைச் சுமையென்று தெரியாமற் செய்வதே என்று எண்ண வேண்டியிருக்கிறது. ரபி எலியேசராவது வாள் வாள்தான் என்பதை மறைக்கவில்லை.

நாளைய சிக்கல் இதைவிடக் கடினமாகவே இருக்கும். ஜக்கார்ட் சட்டையில் மின்கலமும் கணிக்கும் பகுதியும் தனியே கழற்றக்கூடிய சிறு துண்டாக மணிக்கட்டுப் பட்டியில் செருகப்பட்டிருந்தன. கழற்றிவிட்டால் மீதம் வெறும் துணி. இழைக்குள்ளேயே உணர்வுக் கருவியையும் மின்கலத்தையும் பொதிந்துவிடும் ஆராய்ச்சி கைகூடுமானால், சட்டை அசைவதெல்லாம் ஒரு மின்செயலாகி, அதைக் கழற்றாமல் நிறுத்த வழியில்லாமற்போகும். சாவியை பெல்ட்டாக்கிக்கொண்டவர்களின் பேரர்கள் அப்போது வெள்ளிக்கிழமை அந்தியில் எந்தச் சட்டையை உடுத்துவது என்று தங்கள் ரபிகளிடம் கேட்பார்கள். அந்த ரபிகள் மரக்கால் வழக்கையும் நின்ற கடிகாரத்தையும் புரட்டிப் பார்த்து எதையாவது நிர்ணயிப்பார்கள். அவர்கள் மதத்தைச் சேராத நமக்கு அந்தத் தீர்ப்பினால் பந்தம் இல்லை. ஆனாலும் துணி நெய்கிறவர்களிடம் நாமும் ஒன்று கேட்டுவைக்கலாம்: இழையை அணைப்பதற்கு ஒரு விசை வையுங்கள், அதை உடுத்தியவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், அணைத்த பிறகும் அது வேட்டியாகவோ புடவையாகவோ சட்டையாகவோ இருக்கும்படி நெய்யுங்கள்.